விறகு பிளக்கும் இயந்திரம்: செய்வதா, வாங்குவதா?

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையில் எந்தச் சாமானைப் பார்த்தாலும், "இதற்கா இவ்வளவு விலை? நானே செய்துவிடுவேனே!" என்போம். தொழிற்சாலை வேலையை நம்பிப் பெங்களூருக்கு வந்த குடும்பங்களில் இது கொஞ்சம் அதிகம். பழைய இரும்பில் கட்டில், ஸ்டூல், கிரைண்டருக்கு ஸ்டாண்டு என்று செய்து தள்ளியவர்கள் நாம். நானும் அந்த ரகம்தான். முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவன்.

கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் என் மைத்துனர் சமீபத்தில் வீட்டுக்கு வந்தார். கேஸ் அடுப்பு இருந்தாலும் பெரிய அண்டாக்களுக்கு அவருக்கு விறகுதான். சவுக்கு, தைலமரம், குடகு காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் எல்லாம் லாரியில் வந்து இறங்கும். கோடாலியும் ஆப்பும் சம்மட்டியுமாகப் பிளக்க இப்போது ஆள் கிடைப்பதில்லை. "அத்தான், கடையில் விலை கேட்டேன், தலை சுற்றுகிறது. நீங்களே ஒரு மிஷின் செய்து கொடுங்களேன்" என்றார். ஒரு பட்டறையில் பார்த்ததை வரைந்தும் காட்டினார். பழைய மோட்டார், அதன் தண்டில் திருகு வெட்டிய இரும்புக் கூம்பு. கட்டையைக் கையால் பிடித்துக் கூம்பில் வைத்தால், திருகு கட்டையை உள்ளே இழுத்துப் பிளந்துவிடும். செலவும் குறைவு.

"இதை மட்டும் செய்யமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். காரணத்தை உங்களிடமும் சொல்கிறேன்.

கூம்பில் கட்டை சிக்கிக்கொண்டால் முழுக் கட்டையும் சுழலும். பிடித்திருக்கும் கையை முறுக்கும். கையுறையோ தோளில் கிடக்கும் துண்டோ மாட்டினால் ஆளையே இழுக்கும். சுவிட்சை அணைத்தாலும் சுற்றுகிற கூம்பு உடனே நிற்காது. செய்வது சுலபம் என்பதாலேயே இது பரவுகிறது.

அப்படியானால் ஹைட்ராலிக்? அதன் கணக்கு எளிது. 100 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. எண்ணெயின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 150 கிலோ என்றால், ஆப்பைத் தள்ளும் விசை ஏறக்குறைய 11,800 கிலோ. பெரும்பாலான கட்டைகளுக்கு இது போதும். ஆனால் வேகமும் வேண்டுமே! சிலிண்டர் 60 செ.மீ. நகர 4.7 லிட்டர் எண்ணெய் போகவேண்டும். 3 குதிரைசக்தி மோட்டாரால் அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏழு லிட்டர் அளவே தள்ளமுடியும். அதாவது முன்னே போக மட்டும் 40 விநாடி. அதனால்தான் நல்ல இயந்திரங்களில் இரட்டை நிலை பம்பு வைக்கிறார்கள். கட்டையைத் தொடும்வரை எண்ணெய் வேகமாகப் பாயும். கட்டை எதிர்த்ததும் அளவு குறைந்து அழுத்தம் கூடும். கடைக்காரர் கேட்கும் விலையில் ஒரு பங்கு இதற்குத்தான். அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வும் அதில் சேர்த்தி. பழைய ஹோஸைக் கொண்டு ஒப்பேற்றினால், ஊசித் துளை வழியே பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இரண்டு கைப்பிடிகள். இரண்டு கையாலும் பிடித்தால்தான் ஆப்பு நகரவேண்டும். ஒன்றை விட்டாலும் நின்றுவிடவேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பவர் பிரஸ்ஸுக்கு இப்படி இரண்டு பொத்தான்கள் உண்டு. உற்பத்தியைக் கூட்ட யாரோ ஒரு பொத்தானில் தீக்குச்சியைச் செருகி வைத்தார்கள். அன்று மாலை என் நண்பருக்கு இரண்டு விரல்கள் இல்லை. தீக்குச்சியைச் செருகியவர் கை பத்திரமாகத்தான் இருந்தது.

அதுவே என் வாதம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இயந்திரங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. எங்களுக்கு அந்தப் பாதுகாப்பாவது இருந்தது. கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டர் வரப்போகிறார்? அங்கே இயந்திரத்தின் முன் நிற்கப்போவது நானுமல்ல, மைத்துனருமல்ல. பாஷை தெரியாத ஊருக்குப் பிழைக்க வந்த, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஒரு பையன். ஒரு காலத்தில் நம் அப்பாக்கள் வந்து நின்ற அதே நிலை. நாம் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு அவன் விரலை அடகு வைக்கலாமா?

ஆகவே என் தாழ்மையான கருத்து இது. ஹைட்ராலிக் வேலை தெரியாதவர்கள் வாங்கிவிடுங்கள். வாங்கும்போதும் இரண்டு கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். வேலை தெரிந்தவர்கள் பம்பு, சிலிண்டர், வால்வு, ஹோஸ் ஆகிய அழுத்தம் தாங்கும் பாகங்களைப் புதிதாக வாங்கி, சட்டத்தையும் ஆப்பையும் மட்டும் பட்டறையில் வெல்டிங் செய்துகொள்ளலாம். எர்த் இணைப்பும், மின்கசிவில் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம். கூம்பு மட்டும் யாருக்குமே வேண்டாம். மாதத்துக்கு நாலு கட்டை பிளப்பவருக்குக் கோடாலியே போதும்.

மைத்துனர் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பம்பு விலை விசாரிக்கப் பீனியாவுக்குப் போகலாமா என்று போன் செய்தார். போய் வந்தோம். சட்டத்தை நான் செய்கிறேன். கைப்பிடி இரண்டு. அதில் ஒன்றைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் மிஷினைத் திருப்பி எடுத்து வந்துவிடுவேன் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.