உரிமம் கொடுப்பவர் யார்? கேட்பவர் யார்?

புனித கத்தேரி தேக்கக்விதாவின் கல்லறை உள்ள ஊர் கானவாகே. கனடாவின் மொன்றியால் நகருக்கு அருகே, மோகாக் பழங்குடியினரின் நிலம் அது. 2012-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோதுதான் நம்மில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டோம். இணையத்தில் பணம் வைத்துச் சீட்டாடுவோருக்கோ அது முன்பே பழகிய பெயர்.

மோகாக் மன்றம் 1996-இல் சட்டம் இயற்றி ஓர் ஆணையத்தை அமைத்தது. 1999-இல் இணையச் சூதாட்டத்திற்கு விதிமுறைகள் வகுத்து, நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. கனடா அரசிடம் அனுமதி கேட்கவில்லை. எங்கள் மண்ணில் எங்கள் சட்டம் என்றார்கள். 1950-களில் கப்பல் கால்வாய்க்காக ஆற்றங்கரையையே பறிகொடுத்த மக்கள் அவர்கள். அந்த வாதத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. ஊருக்கு வருமானமும் வந்தது.

ஆனால், அங்கே உரிமம் பெற்ற இரண்டு போக்கர் தளங்களில், உள்ளிருந்தவர்களே எதிராளியின் சீட்டுகளைப் பார்த்து ஆடியது பின்னர் அம்பலமானது. அதை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஏமாந்த ஆட்டக்காரர்கள்தாம். 2008-இல் ஆணையம் ஒரு தளத்துக்கு 5 லட்சம் டாலரும், மற்றதற்கு 15 லட்சம் டாலரும் அபராதம் விதித்தது. யாருடைய கட்டணத்தில் வாழ்கிறோமோ அவரையே தண்டிப்பது எந்த அரசுக்கும் கடினம்தான், பழங்குடி மன்றமானாலும் சரி.

நம் மாநிலம் தடை வழியைத் தேர்ந்தது. முதல் சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022-இல் வந்த மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் எனக் கூறி அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. ஆகவே 2025-இல் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது, ஆதார் வேண்டும் என்ற விதிகள் வந்தன. அவை பழகும் முன்பே, 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. இது நியாயமே.

ஆயினும் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் ஓர் இளைஞர், கடல் கடந்து எங்கோ உரிமம் பெற்ற ஒரு தளத்தைத் தம் கைப்பேசியில் திறந்தால்? ஒன்றை முடக்கினால் வேறு பெயரில் வருகிறது. வாரக்கூலி போனபின் அவர் எந்த ஆணையத்திடம் போவார்? மோசடி என்றால் 1930 என்ற எண்ணில் உடனே சொல்லலாம். அஞ்சி வீட்டிலும் மறைப்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும்.