ஒலியட்டை யாருக்குச் சொந்தம்?

ஒரே கணிப்பொறியில் இரண்டு மென்பொருள்கள் ஒலியட்டைக்காக மோதிக்கொள்வதைப் பலரும் சில்லறைத் தொல்லையாகவே கருதுகிறார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இணையத் தொலைபேசியில் ஒலி வராது. பாட்டை நிறுத்தினால் வரும். 'மற்ற நிரலை மூடிவிடுங்கள்' என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த மருந்து. அம்மருந்து அடிப்படையிலேயே தவறானது என்பது என் கருத்து.

லினக்ஸின் வரலாற்றைச் சற்றுப் பார்க்கலாம். 1990களில் அதில் வழங்கிய ஓஎஸ்எஸ் என்னும் ஒலியமைப்பில், நிரல்கள் அட்டையை ஒரு கோப்பைத் திறப்பதுபோல் திறக்கும். முதலில் திறந்த நிரல் விடும்வரை, அடுத்து வந்ததற்குச் 'சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்ற பதிலே கிடைக்கும். பல ஒலிகளைத் தானே கலந்துகொள்ளும் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் போன்ற அட்டைகளை வைத்திருந்தோர் தப்பினர். தாய்ப்பலகையோடு வந்த மலிவான சில்லுகளில் பெரும்பாலும் அவ்வசதி இல்லை. இதற்கு மாற்றாக க்னோம் பணிச்சூழல் ஈசவுண்ட் என்ற இடையாளை அமர்த்தியது. கேடிஈ ஆர்ட்ஸ் என்ற வேறொன்றை அமர்த்தியது. வழக்கைத் தீர்க்க வந்த இருவரும் அதே அட்டைக்காகத் தமக்குள் வழக்காடியதுதான் வேடிக்கை. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலில் ஓஎஸ்எஸின் இடத்தை அல்சா பெற்றது. அதன் டிமிக்ஸ் என்னும் பகுதி பல நிரல்களின் ஒலியை மென்பொருளிலேயே கலந்து ஒரே ஓடையாக அட்டைக்கு அனுப்பியது. 2007இல் ஃபெடோரா 8, 2008இல் உபுண்டு 8.04 ஆகியவற்றின் வழியே பல்ஸ்ஆடியோ பரவியது. 2021இல் ஃபெடோரா 34 பைப்வயரை இயல்பான ஒலியமைப்பாக ஏற்றது.

இத்தனை உழைப்பும் பாட்டுக் கேட்போரின் வசதிக்காக மட்டும் தேவைப்பட்டதன்று. பார்வையற்ற ஒருவருக்கு ஒலியட்டைதான் திரை. ஓர்கா போன்ற திரைவாசிப்பு மென்பொருள் பேசினால்தான் அவர் எந்தச் சாளரத்தில், எந்தச் சொல்லில் நிற்கிறார் என்பது தெரியும். வேறொரு நிரல் அட்டையை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டால் அவருடைய கணிப்பொறி இருண்டுவிடுகிறது. மற்ற நிரலை மூடச் சொல்கிறோம். அதை மூடும் பொத்தான் எங்கிருக்கிறது என்று சொல்லும் குரலே அடங்கிவிட்டதே! பல்ஸ்ஆடியோ வந்த பிறகும் இத்துன்பம் முற்றிலும் தீரவில்லை. அது வழக்கமாக உள்நுழைந்த பயனருக்காக மட்டும் இயங்குவது. எழுத்துமுனையத்தை வாசிக்கும் நிரலோ கணிப்பொறி கிளம்பும்போதே கிளம்பி, அல்சாவை நேரடியாக அணுகுவது. இவற்றுள் முந்திக்கொண்டது மற்றதன் வாயை அடைத்தது.

இசைக்கலைஞர்கள் ஒரு நியாயமான மறுப்பைச் சொல்வார்கள். பல ஒலிகளைக் கலப்பதற்கு விலை உண்டு. 44,100 ஹெர்ட்ஸில் பதிவான ஒலியை 48,000க்கு மாற்ற நேரலாம். இடையில் நுண்ணிய தாமதமும் சேரும். ஒலிப்பதிவு செய்பவருக்கு அது பொறுக்க முடியாதது. உண்மைதான். அவர்களுக்கெனவே ஜாக் என்னும் தனி ஒலியமைப்பு உருவானது. ஆனால் தனியுரிமை என்பது வேண்டிப் பெற்று, வேலை முடிந்ததும் திருப்பித் தரவேண்டியது. முந்தி வந்தவர் என்பதற்காகக் கிடைப்பதன்று. ஜாக்கிற்காக எழுதிய நிரல்களையும் பல்ஸ்ஆடியோவிற்காக எழுதியவற்றையும் பைப்வயர் ஒருங்கே இயக்குகிறது. இரு சாராரும் ஓரிடத்தில் வாழமுடியும் என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே மோதல் நேர்ந்தால் நிரலைக் கொல்வதற்கு முன் அதன் அமைப்புகளைப் பாருங்கள். வெளியீட்டுச் சாதனமாக அட்டையே நேரடியாகக் குறிக்கப்பட்டிருந்தால், பொதுவான இயல்புச் சாதனத்திற்கு மாற்றுங்கள். விண்டோஸில் ஒலிபெருக்கியின் பண்புகளில், நிரல்கள் சாதனத்தைத் தனியுரிமையாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் குறியை நீக்கினால் போதும். நிரல் எழுதுவோரும் இதை நினைவில் கொள்ளவேண்டும். எழுத்தைக் கண்ணால் படிக்கும் நமக்கு அட்டை ஒரு வசதி. காதால் படிப்பவருக்கு அதுவே புத்தகம்.