வீட்டில் சுற்றும் கம்பிச் சுருள்

ஒரு தடவை உபயோகித்து எறியும் மின்சார சிகரெட்டை 2025 ஜூன் 1-ந் தேதி முதல் பிரிட்டன் தடை செய்துவிட்டது. 2023-ல் வாரத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் அங்கே குப்பைக்குப் போயிற்றாம். இனி விற்கும் கருவியில் மீண்டும் மின்சாரம் ஏற்றவும், திரவம் ஊற்றவும், உள்ளே சூடேறும் கம்பிச் சுருளை மாற்றவும் வழி இருக்கவேண்டும்.

அந்தச் சுருளை வீட்டிலேயே சுற்றிக்கொள்வோர் தடைக்கு முன்பே அங்கும் அமெரிக்காவிலும் ஏராளம். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த 'காந்தல்' கம்பி இதற்கு உதவுகிறது. ஸ்வீடனில் பிறந்த சரக்கு. தடித்த கம்பியைத் துளையிடும் யந்திரத்தில் பூட்டிச் சுழலவிட்டு, மயிரிழை போன்ற கம்பியை அதன்மேல் நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். கிதார் தந்தியும் இப்படித்தான் இருக்கும். ஆகவே, எரிக் கிளாப்டன் என்ற கிதார் வித்வானின் பெயரையே இதற்குச் சூட்டிவிட்டார்கள். பாவம், அவருக்கும் இதற்கும் வேறு சம்பந்தம் இல்லை! இடுக்குகளில் திரவம் தங்குவதால் ஆவி மேகம் போலக் கிளம்பும்.

கணக்குத் தெரியாவிட்டால்?

முழுதும் மின்சாரம் ஏறிய லித்தியம் பாட்டரியின் அழுத்தம் 4.2 வோல்ட். சுருளின் மின்தடை 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர் பாயும். அதே போன்ற இரண்டு சுருள்களை இணையாகப் பூட்டினால் மின்தடை 0.1 ஓம் ஆகும். பாய்வது 42 ஆம்பியர். இந்தப் பாட்டரிகளில் பல, 20, 25 ஆம்பியருக்கு மேல் தாங்கமாட்டா. நல்ல கருவியில் இதைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் காவல் உண்டு. 'மெக்கானிக்கல் மாட்' எனப்படும் வெறும் குழாயில் அது கிடையாது.

2018 மே மாதம் புளோரிடாவிலும், 2019 ஜனவரியில் டெக்ஸாஸிலும் மின்சார சிகரெட் வெடித்து ஒவ்வொருவர் மாண்டனர். சுருளே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பாட்டரி சீறினால் உயிர் போகும் என்பது தெரிந்துவிட்டது.

பிரிட்டிஷ் சட்டம் தொட்டிக்கு 2 மில்லி, புட்டிக்கு 10 மில்லி, நிகோடினுக்கு மில்லிக்கு 20 மில்லிகிராம் என்று அளந்து வைத்திருக்கிறது. சமையலறை மேஜையில் சுற்றிய சுருளை எந்த அதிகாரி அளப்பார்? கம்பியைத் தடுக்கப் பார்ப்பது வீண். அது பல தொழில்களுக்கு வேண்டிய பொருள். காவலில்லாத குழாயைக் கடையிலிருந்து அகற்றுவதுதான் நடக்கக்கூடிய காரியம். (நம் நாட்டில் 2019-லேயே மின்சார சிகரெட் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை வந்துவிட்டது.)

காசு மிச்சம் என்பதும் பாதி உண்மைதான். கம்பி மலிவு, ஆனால் தடித்த சுருள் திரவத்தை மடமடவென்று குடிக்கும். அந்தத் திரவத்துக்கோ, 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிக்கு 2 பவுன் 20 பென்ஸ் வரி என்று 2024 பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.