பெயர் இருந்த தட்டுகள்

டிரம்பெட் என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது கல்யாண ஊர்வலத்தின் பேண்டு வாத்தியம். அதே பித்தளைக் குழல் 1930களில் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலின் நடன அரங்கில் ஜாஸ் இசைத்துக்கொண்டிருந்தது. 1935ல் லியான் ஆபியின் கறுப்பின அமெரிக்கக் குழு அங்கே வந்து இறங்கியது. அதில் ஊதிய கிரிக்கெட் ஸ்மித் (ஆட்டத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) 1913லேயே நியூயார்க்கில் இசைத்தட்டுக்கு வாசித்தவர். 1936ல் பம்பாயிலும் அவரது குழு தட்டுகளைப் பதிவு செய்தது.

அந்தச் சூழலில் வளர்ந்தவர்தான் சிக் சாக்லேட். 1916ல் கோவாவின் ஆல்டோனா கிராமத்தில் பிறந்தபோது வைத்த பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். ரசிகர்கள் கொடுத்த பட்டம், 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்'. ஆம்ஸ்ட்ராங்கின் ஊதல் மட்டுமல்ல, கரகரத்த குரலும் அவருக்குக் கைவந்தது. ஆம்ஸ்ட்ராங் இந்தியாவுக்கு வந்ததோ 1960களில்தான். அதுவரை கடல் கடந்து வந்த தட்டுகளே இங்குள்ளவர்களுக்கு வாத்தியார்.

1940களில் சிக் தன் குழுவுடன் கொலம்பியா நிறுவனத்துக்காகத் தட்டுகளைப் பதிவு செய்தார். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்த அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம். ஓட்டலில் விடிய விடிய நீளும் கற்பனையை அதற்குள் அடக்க வேண்டும். ஆனால் ஒரு லாபம் இருந்தது: தட்டின் நடுவே ஒட்டிய காகிதத்தில் அவர் பெயர் இருந்தது.

ஓட்டல் வருமானத்தோடு சினிமாவும் சேர்ந்துகொண்டது. மாதா கோயில் பள்ளிகளில் மேற்கத்திய இசைக்குறிப்பு கற்றிருந்த கோவாக்காரர்கள் பம்பாய் இசையமைப்பாளர்களுக்கு அவசியமானார்கள். மெட்டு ஒருவருடையது, அதற்கு வாத்தியங்களைப் பிரித்து எழுதியவர் பல சமயம் இன்னொருவர். சி. ராமச்சந்திராவுக்குக் கிடைத்தவர் சிக். 1951ல் வந்த 'அல்பேலா'வில் 'ஷோலா ஜோ பட்கே' பாட்டுக்குத் தேசமே ஆடியது. அந்தப் படத்தில் சிக்கின் குழுவைத் திரையிலும் பார்க்கலாம். ஆனால் பாட்டின் தட்டில் இடம் பிடித்தவை பாடகர்கள், இசையமைப்பாளர் பெயர்கள். ஊதியவர்களுக்கு அங்கே இடமில்லை.

சில படங்களுக்கு அவரே இசையமைத்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 1966ல் 'ஆக்ரி கத்' படத்தின் இரவு விடுதிக் காட்சியில் டிரம்பெட்டுடன் தெரிகிறார். மறு ஆண்டு காலமானார்.

பழைய இந்திப் பாடல்களில் இரண்டு வரிகளுக்கு நடுவே பாய்ந்து வரும் டிரம்பெட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் கிடைக்காது. பெயர் போடாத அந்த ஊதலை அடையாளம் காண, பெயர் போட்ட பழைய தட்டுகளோடு ஒப்பிட்டுக் கேட்பதுதான் வழி. ஆகவே 1940களின் அந்தக் கீறல் விழுந்த தட்டுகள் சேகரிப்பாளர்களின் அலங்காரப் பொருள் அல்ல. ஒரு கலைஞருக்குச் சேர வேண்டிய கணக்கின் ரசீது.