கம்பெனி கடனுக்கு இயக்குநரின் சொத்து போகுமா? சட்டம் சொல்வது என்ன?

பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்க குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும். தொழிலை நடத்துபவர் ஒருவர். இன்னொரு இடத்துக்கு மனைவி, அம்மா, தம்பி என வீட்டில் யாராவது ஒருவரின் பெயர் போய்விடுகிறது. ‘சும்மா பேருக்குத்தான், ஒரு கையெழுத்து போடு’ என்று தொடங்கும் விஷயம், தொழில் நொடித்த பிறகு வரி நோட்டீஸாகவோ செக் பவுன்ஸ் சம்மனாகவோ வீட்டுக்கு வருகிறது. ‘கடன் வாங்கியது கம்பெனிதானே, என்னை ஏன் கேக்குறாங்க?’ என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. பதில், அது எந்த வகைக் கடன் என்பதைப் பொறுத்தது.

கம்பெனி வேறு, ஆள் வேறு

லண்டனில் பூட்ஸ் தயாரித்துவந்த ஆரோன் சாலமன் தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். அன்றைய சட்டப்படி ஏழு பேர் வேண்டும் என்பதால் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்தார். கம்பெனி நொடித்தது. கடன் கொடுத்தவர்களுக்காக அவரையே பொறுப்பாக்க நடந்த முயற்சியை 1896-ல் பிரிட்டன் பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. சட்டத்தின் பார்வையில் கம்பெனி தனி ஆள். அதன் கடன் அதனுடையது என்றது.

இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டமும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது. சரக்கு கொடுத்தவருக்குக் கம்பெனி பணம் தரவில்லை என்றால், அவர் வழக்கு போட வேண்டியது கம்பெனி மீதுதான். இயக்குநர் என்ற ஒரே காரணத்துக்காக அவருடைய வீட்டைக் கேட்க முடியாது. ஆனால், இந்தப் பாதுகாப்புக்கு விதிவிலக்குகள் இருக்கின்றன.

வரி பாக்கி: நிரூபிக்க வேண்டியவர் இயக்குநர்

பிரைவேட் கம்பெனியிடமிருந்து வரியை வசூலிக்க முடியாமல் போனால், அந்தக் காலத்தில் இயக்குநராக இருந்த ஒவ்வொருவரிடமும் வசூலிக்கலாம். வருமான வரிச் சட்டமும், 2017 மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 89-வது பிரிவும் இதைச் சொல்கின்றன. வட்டி, அபராதமும் இதில் சேரும். இது ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ ஏற்க வேண்டிய பொறுப்பு. அப்படின்னா, ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொள்ள முடியாது. மொத்தத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. வரி வசூலாகாமல் போனதற்குத் தன்னுடைய பெரும் அலட்சியமோ, முறைகேடோ, கடமை தவறலோ காரணம் இல்லை என்று இயக்குநர் நிரூபிக்க வேண்டும். நிர்வாகத்தில் தனக்குப் பங்கில்லை என்று காட்டியவர்களுக்கு உயர் நீதிமன்றங்கள் நிவாரணம் வழங்கியதும் உண்டு. ஆனால், ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று வாயால் சொன்னால் போதாது.

செக் பவுன்ஸ்: இங்கே நிலைமை வேறு

செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவின்படி, செக் திரும்பினால் 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். கம்பெனி கொடுத்த செக் என்றால், அந்த நேரத்தில் கம்பெனியின் அன்றாட நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர்களும் குற்றவாளிகள் என்கிறது 141-வது பிரிவு.

இங்கே முதல் சுமை புகார் கொடுப்பவர் மீது. இயக்குநர் என்ற பதவி மட்டும் போதாது, அவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார் என்பதைப் புகாரிலேயே சொல்ல வேண்டும் என்று எஸ்.எம்.எஸ். பார்மசூட்டிகல்ஸ் வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிர்வாக இயக்குநருக்கும் செக்கில் கையெழுத்திட்டவருக்கும் இந்தச் சலுகை இல்லை.

கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டால் தப்பிக்கலாமா? அதுவும் இல்லை. தடைக்காலத்தில் கம்பெனி மீதான செக் வழக்கு நிற்கும். இயக்குநர்கள் மீதான வழக்கு தொடரும் என்று மோகன்ராஜ் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

வீட்டைக் கொண்டுபோவது ஜாமீன் கையெழுத்து

கம்பெனிக்குக் கடன் தரும் வங்கிகள் பெரும்பாலும் இயக்குநர்களிடம் தனிப்பட்ட உத்தரவாதமும் வாங்கிக்கொள்கின்றன. அந்தக் கையெழுத்து விழுந்ததுமே ‘கம்பெனி வேறு, ஆள் வேறு’ என்ற பாதுகாப்பு அந்தக் கடனைப் பொறுத்தவரை போய்விடுகிறது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு.

2019 டிசம்பர் 1 முதல், இப்படி ஜாமீன் போட்டவர்கள் மீதும் திவால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம். இது செல்லும் என்று லலித் குமார் ஜெயின் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனியை வேறொருவர் எடுத்து, கடனில் ஒரு பகுதி தள்ளுபடியானாலும், அதனாலேயே ஜாமீன்தாரர் விடுபட்டுவிட மாட்டார் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

தெரிந்தே இழுத்தடித்தால்?

கம்பெனி இனி தேறாது என்று தெரிந்தும், கடன் கொடுத்தவர்களுக்கு ஏற்படும் நஷ்டத்தைக் குறைக்க முயலாத இயக்குநரைச் சொந்தப் பணம் போடும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். திவால் சட்டத்தின் 66-வது பிரிவு இந்த அதிகாரத்தைத் தருகிறது. ஊழியர் சம்பளத்தில் பிடித்த பிஎஃப் பணத்தைக் கட்டாமல் விடுவது நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே கருதப்படும்.

ராஜினாமா செய்தால் போதுமா?

ராஜினாமா கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாள், கடிதத்தில் குறிப்பிட்ட நாள் இரண்டில் எது பிந்தியதோ அன்று பதவி முடிகிறது. ஆனால், பதவியில் இருந்த காலத்தில் நடந்த குற்றங்களுக்கான பொறுப்பு தொடரும் என்கிறது கம்பெனிகள் சட்டத்தின் 168-வது பிரிவு. ஜாமீனும் ராஜினாமாவோடு தானாக முடிவதில்லை. வங்கி எழுத்துபூர்வமாக விடுவிக்க வேண்டும்.

கையெழுத்து போடும் முன்

* நீட்டப்படும் தாள் இயக்குநர் சம்மதமா, வங்கி ஜாமீனா? இரண்டும் ஒன்றல்ல.
* ஜிஎஸ்டி, வருமான வரி, பிஎஃப் கட்டிய ரசீதுகளை அவ்வப்போது கேட்டுப் பார்க்க வேண்டும்.
* வெற்று செக்கில் கையெழுத்து போட்டு வைக்கக் கூடாது.
* முறைகேடு தெரிந்தால், எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நாளை காட்டுவதற்கு அதுதான் ஆதாரம்.
* விலகினால், கம்பெனி 30 நாட்களுக்குள் டிஐஆர்-12 படிவம் தாக்கல் செய்ததா என்று பார்க்க வேண்டும். செய்யாவிட்டால், விலகியவரே டிஐஆர்-11 படிவத்தில் பதிவாளருக்குத் தெரிவிக்கலாம்.

‘பேருக்கு இயக்குநர்’ என்று ஒரு பதவி சட்டத்தில் இல்லை. வீட்டில் ஒருவர் அந்தக் கையெழுத்தைக் கேட்கும்போது, கணக்கையும் சேர்த்துக் காட்டச் சொல்வது சந்தேகம் ஆகாது. அந்தப் பதவியின் வேலையே அதுதான்.