டென்னிஸில் கத்துவது சரியா?



டிவியில் டென்னிஸ் ஓடினாலே "ஏன் இப்படிக் கத்துகிறார்கள்?" என்று வீட்டில் யாராவது கேட்டுவிடுகிறார்கள். சிலர் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டே பார்க்கிறார்கள். 2005 விம்பிள்டனில் ஷரபோவாவின் கத்தல் 101 டெசிபல் என்று பதிவானது. நம் காதுக்கு நாராசமாக இருக்கிறது என்பதற்காக அதைத் தடை செய்யச் சொல்வது நியாயமில்லை. எதிரே நின்று ஆடுபவருக்கு அதனால் அநியாயம் நடக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூட்டை தூக்குபவரும் உலக்கை போடுபவரும் மூச்சை வெளியேவிட்டு ஒரு சத்தம் கொடுக்கத்தான் செய்கிறார்கள். கல்லூரி டென்னிஸ் ஆட்டக்காரர்களை வைத்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், சத்தம் கொடுத்து அடிக்கும்போது பந்தின் வேகம் சுமார் 5 சதவீதம் கூடியது. ஆக, அடிக்கும் கணத்தில் வரும் சத்தம் நடிப்பல்ல.

ஆனால் எதிராளி கண்ணால் மட்டும் ஆடுவதில்லை. மட்டையில் பந்து படும் ஓசையை வைத்தே அது பலமான அடியா, ஸ்லைஸா என்று ஓரளவு கணித்துவிடுவார். மைதானத்தின் நீளம் 23.77 மீட்டர், அந்த ஓசை பந்துக்கு முன்பே அவர் காதுக்கு வந்துவிடும். கத்தல் அதை மூடிவிடுகிறது. 2010-இல் சின்னெட், கிங்ஸ்டோன் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு டென்னிஸ் வீடியோக்களைக் காட்டி, பந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வைத்தார்கள். கூடவே இரைச்சல் வந்தபோது பதில் தாமதமானது, தவறும் கூடியது. தாமதம் விநாடியில் ஆயிரத்தில் 20, 30 பங்குதான். அதற்குள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகப் பந்து இரண்டடி வரை நகர்ந்துவிடும்!

அதற்காக 1992-இல் மோனிகா செலஸை நடத்திய விதம் சரி என்று ஆகிவிடாது. விம்பிள்டன் அரையிறுதியில் நவ்ரதிலோவா நடுவரிடம் முறையிட்டார். பத்திரிகைகளும் கேலி செய்தன. 18 வயதுப் பெண். இறுதி ஆட்டத்தில் வாயை மூடிக்கொண்டு ஆடி, ஸ்டெஃபி கிராஃபிடம் 2-6, 1-6 என்று தோற்றார். மௌனத்தால்தான் தோற்றார் என்று சொல்லமாட்டேன். புல்தரையில் கிராஃப் யாரையும் அப்படி வீழ்த்தக்கூடியவர். ஆனால் சிறுவயது முதல் ஊறிய பழக்கத்தை இறுதி ஆட்டத்துக்கு முன்னால் விடச் செய்வது என்ன நியாயம்? எழுபதுகளிலேயே ஜிம்மி கானர்ஸ் உறுமிக்கொண்டுதான் ஆடினார். நடாலும் சத்தமில்லாமல் ஆடியவரில்லை. முறையீடும் கேலியும் அதிகம் விழுந்தது பெண்கள் மேல்தான்.

2012-இல் பெண்கள் டென்னிஸ் சங்கம், இப்போது ஆடுபவர்களை விட்டுவிடலாம், வளரும் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கூடத்திலேயே சொல்லிக்கொடுப்போம் என்றது. அது சரியான வழி. நடுவர் கையில் டெசிபல் கருவி கொடுக்கும் யோசனையும் அப்போது வந்தது. அது எதற்கு? எதிராளிக்கு வேண்டுமென்றே இடையூறு செய்தால் புள்ளி போகும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. 2011 அமெரிக்க ஓபன் இறுதியில், ஸ்டோசர் பந்தை எட்டுவதற்குள் செரீனா "கமான்" என்று கத்தியதற்கு நடுவர் புள்ளியை ஸ்டோசருக்கே கொடுத்தார். அதே விதியை இதற்கும் எடுக்கட்டும். அடிக்கும்போது வரும் சத்தத்தை விட்டுவிடலாம். பந்து வலையைத் தாண்டிய பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால் முதலில் எச்சரிக்கை, மறுமுறை புள்ளி. ஆண், பெண் இருவருக்கும் ஒரே அளவு.

டென்னிஸ் ஆடும் என் மாணவர்கள் யாராவது, கத்துகிறவருக்கு எதிரே நின்று ஆடியிருந்தால், அந்த அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.