"வெட்டியா இருக்கியா?"

செமஸ்டர் லீவுல ஒரு நாள் ராத்திரி, போனும் கையுமா வாசல்ல உட்கார்ந்திருந்தேன். பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பார்க்கற பக்கத்து வீட்டு அக்கா ஒன்றரை ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்தாங்க. "என்ன கண்ணு, வெட்டியா இருக்கியா?"ன்னு கேட்டாங்க. நானும் சிரிச்சுட்டேன்.

நான் இங்கிலீஷ் மீடியம். வெட்டின்னா சும்மா இருக்கறதுன்னுதான் நினைச்சிருந்தேன். தேடிப் பார்த்தா கதையே வேற. சோழர் காலக் கல்வெட்டுகள்ல வரிகளோட சேர்ந்து 'வெட்டி'யும் வருது. கூலி இல்லாம செஞ்சே ஆக வேண்டிய வேலைக்கு அதுதான் பேரு. தெலுங்குலயும் இதே சொல் உண்டு. 1946-ல தெலங்கானா விவசாயிகள் எழுந்ததுக்கு 'வெட்டிச் சாகிரி'ங்கற கூலியில்லா வேலை ஒரு பெரிய காரணம்.

அதாவது, ஓய்வே இல்லாம உழைச்சவனோட சொல் இது. அதைத்தான் நாம வேலை இல்லாதவனைக் கிண்டல் பண்ண வெச்சிருக்கோம்.

"அதெல்லாம் ராஜா காலம், இப்ப யாரு கட்டாயப்படுத்தறா?"ன்னு கேட்கலாம். அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்யுது. டெல்லி ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்குல, 1982-ல, உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல போச்சு. வறுமையால வேற வழியில்லாம குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருத்தர் வேலை செஞ்சா, அதுவும் கட்டாய உழைப்புதான்னு சொல்லுச்சு. சாட்டை வேண்டியதில்லை, பசி போதும்.

நம்ம பக்கத்து நூல் மில்கள்ல நடந்த 'சுமங்கலித் திட்டம்' ஞாபகம் இருக்கா? கிராமத்துப் பொண்ணுங்க ஹாஸ்டல்ல தங்கி மூணு வருஷம் வேலை செய்யணும், முடிவுல கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகை. நடுவுல கிளம்பினா அந்தத் தொகை கைக்கு வராதுங்கற பயம். "சம்மதிச்சுத்தானே வந்தாங்க?"ன்னு கேட்கறவங்க இருக்காங்க. உள்ளே வர்றப்ப சொன்ன 'சரி' மட்டும் சம்மதம் ஆகாது. வெளியே போறேன்னு சொல்லவும் முடியணும்.

எல்லா பனியன் கம்பெனி வேலையும் வெட்டின்னு நான் சொல்லலை. அக்காவுக்குக் கூலி வருது. ஆனா, "ஒன்றரை ஷிஃப்ட் வேண்டாம்னு சொல்ல முடியுமாக்கா?"ன்னு கேட்டேன். "ஷிப்மென்ட் நேரத்துலயா? நல்லா கேட்ட போ"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க.

அடுத்த வருஷம் நம்மள்ல சில பேர் அதே கம்பெனிகள்ல மெர்ச்சண்டைசராவும் புரொடக்‌ஷன் மேனேஜராவும் உட்காருவோம். அன்னிக்கு நைட் ஷிஃப்டுக்கு ஆள் நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கலாம்: இவங்களால 'முடியாது'ன்னு சொல்ல முடியுமா?